லோங்காங் மீண்டும் ஆறான கதை



போன வாரம் உங்களில் ஒருவர் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஐந்தாறு நீர்நாய்கள் கரையேறி, உடம்பைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருக்கும் படம். கீழே, "ஐயா, நாம் படித்த காலத்தில் இது லோங்காங் தானே?" என்று ஒரு கேள்வி. அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இரண்டு வரியில் முடிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தே தாரிக் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கேள்விக்குப் பதில். ஆம், லோங்காங்தான். ஆனால் அதற்கு முன்பு அது ஆறாக இருந்தது. நாம்தான் அதை லோங்காங் ஆக்கினோம், பிறகு நாமேதான் மறுபடி ஆறாக்கினோம்.

நம் நாட்டிலேயே நீளமான ஆறு காலாங் ஆறு. நீளம் என்றால் என்ன, 10 கிலோமீட்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஊர்ல இதை வாய்க்கால்னு சொல்லுவோம்" என்று சிரித்தார். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, அங் மோ கியோவுக்கும் பீஷானுக்கும் நடுவே வந்து, பிராடல் சாலையைக் கடந்து, தோ பாயோ ஓரமாகப் போத்தோங் பாசிருக்குப் போய், காலாங் வளைகுடாவில் சேருகிறது. சைக்கிளில் போனால் ஒரு காலைப் பொழுது. அவ்வளவுதான். ஆனால் இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் வாழ்ந்து, எத்தனை பேர் எழுந்துபோனார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பெரிய ஆறுதான்.

ஆற்றின் பெயரே அப்படி எழுந்துபோனவர்களின் பெயர். 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது காலாங் முகத்துவாரத்தில் 'ஓராங் காலாங்' என்ற மக்கள் படகிலேயே வாழ்ந்து வந்தார்கள். கடலில் போய் வேட்டையாடும் கூட்டமல்ல அவர்கள். ஆற்றையும் சதுப்புநிலக் காட்டையும் ஒட்டியே வாழ்ந்தவர்கள். 1824இல் அவர்கள் ஜோகூரின் பூலாய் ஆற்றுப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அங்கே அம்மை நோய் வந்து பெரும்பகுதியினர் மாண்டார்கள். மக்கள் போனார்கள், பெயர் தங்கிவிட்டது. இன்று எம்ஆர்டியில் 'காலாங்' என்று அறிவிப்பு வரும்போது யாரும் இதை நினைப்பதில்லை. நானும் ஆசிரியராகி வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முகத்துவாரத்துப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு. அப்பா வேலை பார்த்தது காலாங் எரிவாயு ஆலையில். 1862இல் தொடங்கிய ஆலை அது. தெருவிளக்குக்கு எரிவாயு கொடுப்பதற்காகக் கட்டினார்கள். சீனர்கள் அதை 'நெருப்பு நகரம்' என்ற பொருளில் அழைத்தார்கள். நிலக்கரியை மண்வாரியால் அள்ளி உலையில் கொட்டும் வேலைக்கு எத்தனையோ தமிழர்கள் இருந்தார்கள். காலாங் சாலையில் இருக்கும் மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்கு அந்தத் தொழிலாளர்கள்தான் நெடுநாள் அடியார்கள். அப்பா வேலை முடிந்து வந்தால் நகக்கண்ணில் கரி இருக்கும், குளித்தாலும் போகாது. அதே கையால் திருநீறு பூசுவார். ஆலை 1998இல் மூடப்பட்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

இப்போது ஆற்றின் தலைப்பக்கம் போவோம். நகருக்குக் குடிநீர் போதவில்லை என்று நகராண்மைக் கழகம் காலாங் ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்கியது. 1912இல் திறந்த அந்த நீர்த்தேக்கத்துக்கு முதலில் 'காலாங் ஆற்று நீர்த்தேக்கம்' என்றுதான் பெயர். 1922இல்தான் ராபர்ட் பியர்ஸ் என்ற நகராண்மைப் பொறியாளரின் பெயரை வைத்தார்கள். அணை கட்டியதும் ஆற்றின் தலை துண்டானது. அதற்குப் பிறகு கீழே ஓடியதெல்லாம் வழியில் சேர்ந்த மழைநீரும், கம்பத்து நீரும், இன்னும் சொல்லக் கூச்சப்படும் நீரும்தான்.

அங் மோ கியோ என்ற பெயரைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். ஹொக்கியன் மொழியில் 'செம்மயிர்க்காரன் பாலம்' என்று ஒரு விளக்கம். செம்மயிர்க்காரன் என்றால் வெள்ளைக்காரன். 1841 முதல் 1853 வரை இங்கே அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டிய பாலம் என்பார்கள். தாம்சன் சாலையும் அவர் பெயரில் உள்ளதுதான். இன்னொரு விளக்கம், அது தக்காளிக்கான சொல் என்பது. எனக்குப் பாலம்தான் பிடிக்கும். பாலம் என்றால் கீழே ஒரு நீரோடை இருக்க வேண்டுமே! ஊர்ப் பெயரிலேயே ஆறு ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சந்தோஷம்.

ஆற்றின் தென்கரைக்கும் ஒரு சொல்கதை உண்டு. 1870இல் கான்டனியர்களும் ஹக்காக்களும் சேர்ந்து ஓர் இடுகாடு அமைத்தார்கள். பெக் சான் தெங் என்று பெயர். பெக் சான் என்றால் பச்சை மலை. அதை மாண்டரினில் உச்சரித்தால் பீஷான். ஆமாம், நீங்கள் பல பேர் வீடு வாங்கியிருக்கும் பீஷான்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். இடுகாட்டுக்குப் பக்கத்திலேயே கம்போங் சான் தெங் என்று ஒரு கிராமம், பள்ளிக்கூடம், காப்பிக்கடை எல்லாம் இருந்தன. கல்லறைக்கு நடுவே கோழி மேயும். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். 1973இல் இடுகாடு மூடப்பட்டது. 1979இல் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு புதுநகர் எழுந்தது. இன்றும் பெக் சான் தெங்கின் ஒரு பகுதி அஸ்தி மாடமாக அங்கே இருக்கிறது. பீஷான் வீடுகளில் பேய் வரும் என்று ஒரு காலத்தில் வகுப்பில் நீங்கள் அடித்த கதைகளுக்கு அளவே இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்து வரி. பேய்க்கதை என்றால் ஐந்து பக்கம்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

1978 டிசம்பர் 2, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. நாங்கள் அப்போது தோ பாயோவில் இருந்தோம். போத்தோங் பாசிரில் அத்தை வீடு. சொந்தக்காரர்கள் பலருக்கு அந்த வீடு நினைவிருக்கும்: அத்தாப்புக் கூரை, முன்னால் ஒரு ரம்புத்தான் மரம், பின்னால் கீரைப் பாத்தி. மலாயில் 'போத்தோங்' என்றால் வெட்டு, 'பாசிர்' என்றால் மணல். மணல் வெட்டி எடுத்த இடம். வெட்டிய பள்ளம் சும்மா இருக்குமா? மழை பெய்தால் ஆறு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அத்தை கட்டிலுக்குக் கீழே செங்கல் வைப்பார். அது எங்களுக்குத் தீபாவளி மாதிரி வழக்கமான ஒன்று.

அன்று பெய்தது வழக்கமான மழை இல்லை. ஒரே நாளில் 512 மில்லிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்க இங்கே பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஒரே நாளில் கொட்டிவிட்டது. தீவு முழுக்க ஏழு பேர் உயிரிழந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நானும் அத்தானும் போனபோது சாலை எது, ஆறு எது என்று தெரியவில்லை. இடுப்பளவு நீர். செத்த பன்றி ஒன்று வயிறு உப்பி மிதந்து வந்து என் தோளில் இடித்தது. இன்றைக்கும் அந்த நாற்றத்தை என்னால் சொல்ல முடியும். அத்தை கட்டில்மேல் தையல் இயந்திரத்தை ஏற்றி வைத்து, அதன்மேல் முருகன் படத்தை வைத்து, படத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முதல்ல மெஷின தூக்குடா, நான் நடந்துக்குவேன்" என்றார். நடக்கவில்லை. அத்தான்தான் முதுகில் சுமந்து வந்தார். தையல் இயந்திரத்தை நான் சுமந்தேன். அது இன்னும் என் தங்கை வீட்டில் இருக்கிறது, ஓடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஆற்றைச் சிமெண்டுக் கால்வாய் ஆக்கியதைப் பற்றி இப்போது எல்லாரும் ஏளனமாகப் பேசுகிறார்கள். இயற்கையைக் கொன்றுவிட்டார்கள், ஆற்றைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள் என்று. பேசுகிறவர்களின் அத்தை யாரும் முருகன் படத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வளைந்து வளைந்து ஓடும் ஆறு மழைநீரை மெதுவாகத்தான் கொண்டுபோகும். நேராக்கி, வழவழப்பான சிமெண்டு போட்டால் வேகமாகக் கடலுக்குத் தள்ளிவிடும். புதுநகர் வந்து, மண்தரை எல்லாம் தார்ச்சாலையும் வாகன நிறுத்துமிடமும் ஆனபோது, நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த நீரும் ஆற்றுக்கே வந்தது. அதற்கு வழிவிட வேண்டுமே. அன்றைய பொறியாளர்களுக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். அத்தை போன்றவர்கள் அதற்கு நன்றிதான் சொன்னார்கள்.

ஆனால் கால்வாயைச் சரியாக்கினாலும் நீர் சரியாகவில்லை. 1977 பிப்ரவரி 27ஆம் தேதி அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்த பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சவால் விட்டார். திறந்த நீர்த்தேக்கம் எந்த ஆற்றின் தலையில் இருக்கிறதோ, அந்த ஆற்றின் வால் அப்போது கறுப்பாக இருந்தது! அந்த இரண்டு ஆறுகளுக்கும் நீர் வடியும் பரப்பு தீவில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பரப்பில் கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகள், பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருக்கடை, படகுப் பட்டறை. பத்தாண்டில் ஏறத்தாழ 26,000 குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் போயின. ஏறத்தாழ 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். 1987 செப்டம்பரில் விழா எடுத்தார்கள். பொறுப்பேற்று நடத்திய அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயம்தான்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அந்த 1987ஆம் ஆண்டு நான் உயர்நிலை இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். தமிழ் முரசில் வந்த செய்தியை வெட்டிக் கரும்பலகையில் ஒட்டி, 'தூய்மையான காலாங் ஆறு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதினீர்கள். முன்பு நாற்றம், இப்போது மணம். முன்பு குப்பை, இப்போது மீன். நான் கொடுத்த சொற்றொடர்களையே மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் 'சுத்தம் சோறு போடும்'. எல்லாருக்கும் நல்ல மதிப்பெண்.

ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி எழுதினான். பெயர் சொல்ல மாட்டேன். பின்வரிசை, ஜன்னலோரம், அதிகம் பேசமாட்டான். அவன் குடும்பம் பிராடல் சாலைக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரைக் கம்பத்தில் மாடு வளர்த்துப் பால் ஊற்றிய குடும்பம். மாட்டுக் கொட்டகைக் கழிவும் ஆற்றில்தானே போய்ச் சேரும், அவர்களையும் எழுப்பினார்கள். ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது. அவன் அந்த வீட்டைப் பற்றி எழுதினான். ஆறு மாடுகளின் பெயரையும் வரிசையாக எழுதியிருந்தான். விற்ற அன்று செவலை லாரியில் ஏறமாட்டேன் என்று நின்றதை எழுதியிருந்தான். புது வீட்டில் பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், நடைபாதையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எழுதியிருந்தான். கடைசி வரி: ஆறு சுத்தமாகிவிட்டது, பாட்டிக்கு வேலை இல்லை.

நான் சிவப்பு மையில், 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்' என்று எழுதி, நாற்பதுக்குப் பதினைந்து போட்டேன்.

எழுத்துப்பிழை நிறைய இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது பேரில் அவன் ஒருவன்தான் ஆற்றைப் பற்றி எழுதியிருந்தான். மற்றவர்கள் நான் சொல்லிக் கொடுத்ததை எழுதினீர்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் மதிப்பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூடி வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஆண்டு முடிவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அத்தையைச் சுமந்து வந்தவன் நான். ஆறு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆற்றை அடக்கியதும் சுத்தப்படுத்தியதும் எனக்குச் சொந்த வெற்றி மாதிரி இருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவன் பாட்டி என் கண்ணில் படவில்லை. அத்தையும்தான் கீரைப் பாத்தியை விட்டுவிட்டுத் தோ பாயோ அடுக்குமாடிக்கு வந்தார். நடைபாதையில் மண் தொட்டி வைத்து வெண்டைக்காய் போட்டுப் பார்த்தார். நான் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டேன்.

கதைக்குத் திரும்புகிறேன். 1980இல் எனக்குத் திருமணமாகி அங் மோ கியோவில் மூவறை வீடு கிடைத்தது. அங் மோ கியோ புதுநகரை 1973லிருந்து கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன்பு அங்கே ரப்பர்த் தோட்டமும் கம்பமும். அவென்யூ 1ஐத் தாண்டினால் கால்வாய், கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் செம்மண் மேடு. 1987 நவம்பர் 7ஆம் தேதி நாட்டின் முதல் எம்ஆர்டி பாதை இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஓடியது. மறுநாளே குடும்பத்தோடு ஏறி, எந்த வேலையும் இல்லாமல் தோ பாயோ போய் இறங்கி, திரும்பி வந்தோம். அடுத்த ஆண்டு, 1988இல், இரண்டு புதுநகருக்கும் நடுவே பீஷான் பூங்காவைத் திறந்தார்கள். நல்ல பூங்கா. குளம், மரம், நடைபாதை எல்லாம் உண்டு. ஆனால் பூங்காவுக்கும் கால்வாய்க்கும் எந்தப் பேச்சும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பம் மாதிரி. நடுவில் வேலி. வெயில் காலத்தில் கால்வாயின் நடுவே ஒரு கோடாக நீர் ஓடும். மழை வந்தால் பத்தே நிமிடத்தில் பழுப்பு நிறத்தில் உறுமிக்கொண்டு போகும்.

அந்த வேலியைத் தாண்டி இறங்கி, கப்பி மீன் பிடித்து ஜாம் புட்டியில் போட்டு வகுப்புக்குக் கொண்டு வந்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் 'ஏபிசி நீர்நிலைகள்' திட்டத்தைத் தொடங்கியது. கால்வாயையும் குளத்தையும் வேலி போட்டு மறைக்காமல் மக்கள் அருகில் வரும்படி செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் கால்வாய்ச் சிமெண்டும் பழசாகியிருந்தது, பூங்காவும் பழசாகியிருந்தது. தேசியப் பூங்காக் கழகமும் அவர்களும் சேர்ந்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வடிவமைத்தது ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம். 2009இல் வேலை தொடங்கியது. வேலியைப் போட்டு மறைத்து, இயந்திரங்கள் வந்து சிமெண்டை உடைக்கத் தொடங்கியபோது, எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடையில் உட்காரும் கிழவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்: "பைத்தியக்காரத்தனம். வெள்ளம் வரப் போகுது." நானும்தான் சொன்னேன்.

அவர்கள் அப்படி ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. நம்மூர் மழைக்குக் கரை தாங்குமா என்று பார்க்க, முதலில் பூங்காவின் ஒரு சிறு வாய்க்காலில் பத்து விதமாகக் கரை அமைத்துச் சோதித்திருக்கிறார்கள். கல்லடுக்கு, கம்பிவலைக்குள் கல், நாணல் உருளை, உயிருள்ள கிளைகளைக் கட்டாகக் கட்டிப் புதைப்பது, இப்படி. வேர் பிடித்துவிட்டால் கரையைச் செடியே பிடித்துக்கொள்ளும். பத்தில் ஏழு முறைகளை எடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கரையில் நாணலும் தாழையும் வைத்த நம் முன்னோர் இதைக் கேட்டால், இதற்குச் சோதனை வேறா என்று கேட்டிருப்பார்கள்!

2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறானது. பூங்கா மொத்தம் 62 ஹெக்டர். வெள்ளத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், அதற்கு இடம் விட்டார்கள். சாதாரண நாளில் ஆறு சில மீட்டர் அகலம்தான். கணுக்கால் நனைய நடந்து கடக்கலாம். பெருமழை வந்தால் இருபக்கப் புல்வெளியும் ஆறாகிவிடும், ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு. மழை விட்டதும் நீர் வடிந்து மறுபடி புல்வெளி. பழைய கால்வாயைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிக நீரைக் கொள்ளுமாம். மழைக்காலத்தில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் உண்டு. ஒலி கேட்டால் உடனே மேட்டுக்கு வந்துவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆற்றுக்கு விட்ட இடத்துக்கு ஆறு வரத்தான் செய்யும்.

2012 மார்ச் 17ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் திறந்து வைத்தார். உடைத்த சிமெண்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் அங்கேயே குவித்து ஒரு குன்றாக்கினார்கள். அதன் பெயர் ரீசைக்கிள் குன்று. மாலையில் நான் மூச்சு வாங்க அதில்தான் ஏறுவேன். 1970களில் அத்தைக்காகப் போட்ட சிமெண்டின் மேல் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். போத்தோங் பாசிர் சிமெண்டு வேறு, இது வேறுதான், இருந்தாலும் நினைத்துக்கொள்வேன்.

நீர்நாய் வந்தது 2014 வாக்கில். ஒரு தமிழாசிரியராக இது எனக்குத் தனிச் சந்தோஷம். சங்கப் பாடல்களில் மருதத் திணையில் நீர்நாய் வரும். வாளை மீனைப் பிடித்துத் தின்னும். அதை எத்தனை ஆண்டு நடத்தியிருப்பேன்! நான் ஒரு நீர்நாயையும் பார்த்தது கிடையாது. நாய் மாதிரி இருக்கும், நீரில் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு குடும்பமே வரிசையாக வந்து, மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றதைப் பார்த்தேன். காவிரியில் இருப்பதும் இதே இனம்தான். அப்பா சிறுவயதில் பார்த்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2008இல் மெரினா அணைக்கட்டு வந்த பிறகு காலாங் முகத்துவாரத்தில் இருப்பது கடல்நீர் இல்லை, குடிநீர்த் தேக்கம். 1912இல் ஆற்றின் தலையில் அணை போட்டுக் குடித்தோம். இப்போது காலிலும் அணை போட்டுக் குடிக்கிறோம். பூங்காவில் உங்கள் பிள்ளைகள் கால் நனைக்கும் நீர் ஒரு நாள் உங்கள் வீட்டுக் குழாயில் வரும். அதனால் தின்றுவிட்டுப் பையை ஆற்றில் போடாதீர்கள். கண்டிக்கும் பழக்கம் போகவில்லை, மன்னிக்கவும்.

சென்ற மாதம் ஒரு காலை, பூங்காவில் என்னைவிடப் பத்து வயது பெரிய அம்மா ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். பணிப்பெண் கரையோரம் நிறுத்தியதும் குனிந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். "மாட்டுக்கு நல்ல புல்லு" என்றார் தமிழில், யாரிடமும் சொல்லாமல். அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதினைந்து மதிப்பெண் மனத்தை விட்டுப் போகவில்லை. நீர்நாய்ப் படத்துக்கு இரண்டு வரி எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டதற்கு அதுதான் காரணம்.

1987இல் என்னிடம் உயர்நிலை இரண்டு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான். பெயரைக் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம். இந்தப் பதிவை மட்டும் அவனுக்கு அனுப்பி வையுங்கள். ஐயா மதிப்பெண்ணைத் திருத்திவிட்டார், நாற்பதுக்கு முப்பத்தாறு என்று சொல்லுங்கள். நான்கு மதிப்பெண் எழுத்துப்பிழைக்குக் குறைத்தேன்.

கம்பத்து வீடுகள், ஆற்றங்கரை, பழைய கால்வாய் இவற்றின் படம் எந்த வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் படியெடுத்து அனுப்புங்கள். அத்தை வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் எல்லாரும் நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. யாரிடம் போனது என்று தெரியவில்லை. தங்கை தன்னிடம் இல்லை என்கிறாள். தேடிப் பாருங்கள்.